பங்காளிச் சண்டை ஒன்று பதிவானது

பிரியமுள்ள பங்காளி பால்பாண்டிக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டே வைக்கிறேன், பழக்கம் விடவில்லை. நான் நலம். அம்மா நலம். நம் போசியும் நலம். நாளைக்கு அதன் புதிய பதிப்பு வெளியாகிறது. நாளை மறுநாள் உனக்கு வருஷ திதி.

வெளியீட்டுக் குறிப்பு எழுதும் வேலையைக் குழுவில் என் தலையில் கட்டிவிட்டார்கள். என்ன மாறியிருக்கிறது, எது சரியாகியிருக்கிறது, எது இன்னும் முரண்டு பிடிக்கிறது என்று சொல்ல வேண்டிய குறிப்பு. எப்படி ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் "நீ" என்று வந்துவிடுகிறது. சரி, உனக்கே எழுதிவிடலாம், ஊரார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று தோப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் ஓடுகிறது. கரண்ட் இருக்கும்போதே முடித்தாக வேண்டும்.

ஊராரும் கேட்பதால், உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நான் பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து கெடுப்பது உன் வழக்கம். இந்த ஒரு தடவை முடியாது.

நாம் பழகியது, சுற்றிலும் மலையாளமே கேட்கும் காலேஜ் ஹாஸ்டலில். முதல் நாள் மெஸ் வரிசையில் நீ எனக்கு முன்னால் நின்றாய். நான் போனில் அம்மாவிடம், "சாப்பாடு பரவால்லம்மா, ஊட்டு ருசி வருமா?" என்று சொன்னது காதில் விழுந்து திரும்பினாய்.

"தமிழ்நாடா?"

"இல்ல, கேரளா. பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதி."

"நானும் கேரளாதாம்ல! பள்ளிவாசல். மூணாறுக்குக் கீழ."

தமிழ் பேசுவதால் கேரளாவில் நம்மைக் கேலியாகப் பாண்டி என்பார்கள். எல்லை தாண்டினால் மலையாளத்தான் என்பார்கள். எனக்கு இரண்டுமே உறுத்தும். "என்னைய எவனும் கேலி பண்ண முடியாது, எங்கப்பா பேரே அப்பிடி வச்சுட்டாரு" என்று நீ சிரித்தாய். அதே மூச்சில், "வா பங்காளி, தட்டை எடு" என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்டு நான் கொஞ்சம் முறைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பக்கம் சிநேகிதனை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் பங்காளி என்றால் ஒரே சொத்தைப் பிரித்துக்கொண்டவன். வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று கோர்ட்டுக்கு நடக்கிறவன். நீ என்னைத் திட்டுகிறாய் என்றே நினைத்தேன். பிற்பாடு நாம் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் எங்கள் ஊர் அர்த்தமும் ஒன்றும் தப்பில்லை.

படித்து முடித்து நீ எஸ்டேட்டுக்கே திரும்பினாய், தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் அப்பாவோடு இருக்கலாம் என்று. நான் தென்னந்தோப்புக்குத் திரும்பினேன். இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே யாருக்கோ நிரல் எழுதிச் சம்பளம் வாங்கினோம். மிச்ச நேரத்தில் போசியை எழுதினோம்.

போசி என்னவென்று கேட்கிறவர்களுக்கு: ஒரே வேலையில் பல பேர் கை வைக்கும்போது, யார் எதை எப்போது எதற்காக மாற்றினார்கள் என்று மறக்காமல் வைத்திருக்கும் கருவி அது. அப்படிப்பட்ட கருவிகள் உலகத்தில் ஏற்கெனவே உண்டு, பெரியவை, நல்லவை. நமக்கு வேண்டியிருந்தது நம் ஊருக்கு ஆனது. மழை பிடித்தால் பள்ளிவாசலில் நாள்கணக்கில் இன்டர்நெட் இருக்காது. எருத்தேன்பதியில் எந்தத் தென்னையடியில் சிக்னல் கிடைக்கும் என்று தேட வேண்டும். ஆகவே நடுவில் ஒரு சர்வரை நம்பி நிற்காமல், ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்க வேண்டும். பென் டிரைவில் ஏற்றி மறையூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாலும் போய்ச் சேர்ந்து கலந்துகொள்ள வேண்டும். மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்க வேண்டும்.

"மலைக்குப் போற ஒவ்வொருத்தர் கையிலயும் அவுகவுக சாப்பாடு முழுசா இருக்கும்ல, அந்த மாதிரி. தூக்குவாளின்னு பேர் வைப்போம்" என்றாய். எங்கள் ஊரில் அது தூக்குப்போசி. இங்கிலீஷில் அடித்தால் நாலே எழுத்து என்று சொல்லிப் போசியை நான் ஜெயிக்க வைத்தேன். உனக்குப் பொறுக்குமா? வேண்டாத மிச்சங்களைக் கழிக்கும் கட்டளைக்குக் கவ்வாத்து என்று பேர் வைத்துக் கணக்குத் தீர்த்தாய். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு உங்கள் எஸ்டேட்டில் அதுதானே பேர்.

ஒரு சேதி சொல்கிறேன், கேள். எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் ஒருத்தர் தினமும் போசியில் கவ்வாத்து அடிக்கிறாராம். இது என்ன சுருக்கெழுத்து, விரித்தால் என்ன வரும் என்று எழுதிக் கேட்டார். தேயிலை, செடி, கத்தி என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். உன் தோட்டத்தின் படம் ஒன்றையும் அனுப்பினேன். இத்தனை நாள் செடி வெட்டிக்கொண்டிருந்தேனா என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

முதன்முதலில் நம்மை நம்பிப் போசியைக் கையில் எடுத்தவர்கள் தமிழ் மீடியம் டீச்சர்கள். இடுக்கி மலையில் இருப்பவர்களும் எங்கள் சித்தூர் தாலுகாவில் இருப்பவர்களும் சேர்ந்து பாடக் குறிப்பும் கேள்வித்தாளும் தயாரிக்க அதை வைத்துக்கொண்டார்கள். அதில் காந்தலூர் சாந்தி டீச்சரின் முதல் போன் உனக்கு மறந்திருக்காது.

"ஏன் சார், அஞ்சாங் கிளாஸ் பாடத்தை எத்தன வாட்டி அனுப்பினாலும் தள்ளிருதே? என்ன தப்புன்னாச்சும் சொல்லக் கூடாதா?"

நமக்கு ஒன்றும் புரியவில்லை. பாடம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. வந்தது மட்டுமா, ஒரே பாடம் திரும்பத் திரும்ப வந்து குவிந்திருந்தது. அப்புறம்தான் நீ திரையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உங்கள் மாற்றம் தள்ளப்பட்டது" என்று எழுதி வைத்திருந்தோம். செய்த மாற்றத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் கட்டளைக்கு உலகமெல்லாம் இங்கிலீஷில் தள்ளு என்றுதான் பேர். நம் ஊரிலோ ஆபீஸில் விண்ணப்பம் "தள்ளி" என்றால், மலையாளத்தில் நிராகரித்தாயிற்று என்று அர்த்தம், கதை முடிந்தது. ரேஷன் கார்டு தொடங்கி நிலப் பட்டயம் வரைக்கும் தள்ளப்பட்டே பழகிய சனம். டீச்சர் பாவம், எந்தப் பிழையைக் கண்டு கம்ப்யூட்டர் தன் பாடத்தை நிராகரிக்கிறது என்று கமாவைக்கூட மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்.

தக்காளி லோடு ஏற்றி முடித்ததும் எங்கள் ஊரில் சத்தம் போட்டுச் சொல்கிற மாதிரி "ஏத்தியாச்சு" என்று மாற்றினோம். இன்றுவரை அதுதான் இருக்கிறது. யாரும் அதைத் தப்பாகப் படித்ததில்லை.

இனி நம் பெரிய சண்டைக்கு வருகிறேன். ஊராருக்கு அதன் அடிப்படை தெரிய வேண்டும். ஒரே வரியை நான் ஒரு மாதிரி மாற்றுகிறேன், அதே நேரம் நீ வேறு மாதிரி மாற்றுகிறாய். இரண்டையும் ஒன்று சேர்க்கும்போது எந்த வரி நிற்க வேண்டும்? கருவிக்குத் தெரியாது, மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு நான் மரியாதையாக "மோதல்" என்று பேர் வைத்தேன். நீ அதை அழித்துவிட்டுப் "பங்காளிச் சண்டை" என்று எழுதினாய். பங்களிப்பாளர் என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் பங்காளி என்று வெட்டிப் போடுகிற ஆள், வேறு எப்படி எழுதுவாய்?

பேரில் நான் விட்டுக்கொடுத்தேன். சண்டை வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நம் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. சண்டை என்று தெரிந்ததும் போசி அங்கேயே நிற்க வேண்டும், தீர்த்த பிறகுதான் மேலே நகர வேண்டும் என்பது என் கட்சி. சண்டையைச் சண்டையாகவே வரலாற்றில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபடி மேலே வேலை செய்யலாம், நேரம் வரும்போது தீர்த்துக்கொள்ளலாம் என்பது உன் கட்சி.

"வரப்பு எதுன்னு தெரியாம எப்புடிடா ஏர் கட்டறது?" என்று நான் கத்துவேன்.

"ஏலே, எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல காலையில குழாயடியில சண்டை போடுவாக. அதுக்காகக் கொழுந்து எடுக்கப் போகாம இருப்பாகளா? மஸ்டர்ல வருகைக்குப் பேர் குடுத்துட்டு மலைக்குப் போயிருவாக. சாயங்காலம் வந்து விட்ட எடத்துல இருந்து பிடிப்பாக. வேலையும் நடக்கும், சண்டையும் நடக்கும்."

"உங்க லயத்துல நடக்கும். எங்கூர்ல நடக்காது."

"அப்ப உங்கூரைத் திருத்து. போசியைத் திருத்தாத."

இப்படியே போகும். கடைசியில் அம்மா வந்து, "ஏங் கண்ணு, அந்தப் பையன் கூட நித்தம் இப்புடி வாய்ச்சண்டை போட்டா அப்புறம் எப்புடிச் சேந்து வேலை செய்வீங்க?" என்பாள். சண்டையும் போட்டுக்கொண்டு வேலையும் செய்துகொண்டுதான் இருந்தோம், நீ சொன்னதும் அதுதான் என்று அப்போது எனக்குப் படவில்லை.

நீ உன் வழியை எழுதிப் பார்க்க நிரலில் தனிக் கிளை பிரித்துக்கொண்டாய். வேலை நன்றாகவே வந்தது, ஒரு குறையைத் தவிர. ஒரே வரியில் மறுபடியும் சண்டை வந்தால் இரண்டு பேரில் ஒருத்தருடைய வரி காணாமல் போய்விடும். எழுதினவர் எழுதியதை விழுங்குகிற கருவியை வெளியில் விட முடியுமா? நீயும் முடியாது என்றுதான் சொன்னாய். போன வருஷம் நல்ல மழையில் ஒரு நாள் போன் செய்து, "பிடிச்சுட்டேம்லே! எங்க முழுங்குதுன்னு தெரிஞ்சு போச்சு. நெட்டு வரட்டும், ஏத்திவிடுறேன்" என்றாய். அடுத்துப் பேசும்போது காய்ச்சல் என்றாய். அதற்கடுத்த போன் உன் அப்பாவிடமிருந்து வந்தது.

கேரளாவிலிருந்து கேரளாவுக்கு வர நான் தமிழ்நாட்டை மிதித்தாக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர், மூணாறு என்று எத்தனையோ தடவை உன் வீட்டுக்கு வந்த வழி. ஒவ்வொரு தடவையும் செக்போஸ்டில் வண்டி நிற்கும்போது உனக்குப் போன் போடுவேன், சோற்றை வடிக்கச் சொல்லி. அன்றைக்கும் கை தானாகப் போனை எடுத்தது.

உன் சொந்தக்காரர்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி, மலைப்பாதை அடைபட்டு வழியில் நின்றுவிட்டார்கள். வாசலில் பெரியவர் ஒருத்தர், "பங்காளி ஒருத்தரும் வந்து சேரலையேப்பா, நீர்மாலைக்கு யார் போறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் சடங்கு அது, பங்காளிதான் போக வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர் எனக்குச் சொன்னார். அப்போது உன் அப்பா தலையைத் தூக்கினார்.

"இந்தா நிக்காருல்ல, எருத்தேன்பதிப் பங்காளி."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம பக்கத்து ஆள் மாதிரி தெரியலையே. எந்த வகையில பங்காளி?"

"எம் மகன் தெனமும் போன்ல பங்காளி, பங்காளின்னுதான் பேசுவான். அவன் சொன்ன வகையில."

பெரியவர் ஒரு குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பவர் ஹவுஸ் குழாய்கள் இறங்குகிற சரிவுக்குப் பக்கத்து ஓடையில் என்னை முங்கச் சொன்னார்கள். குளிரில் பல் அடித்துக்கொண்டது. குடத்தை எந்தத் தோளில் வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, எங்கள் ஊர் முறை வேறு. மேலே வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நடக்க, நடுவில் ஈரத்துணியோடு நான் உனக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன்.

உன் அப்பா உண்மையிலேயே என்னை உறவு என்று நினைத்துக்கொண்டிருந்தாரா பாண்டி? இல்லை, எல்லாம் தெரிந்தேதான் சொன்னாரா? இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே வாளியில் தண்ணீர் வைத்திருந்தாள். குளித்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நீர்மாலை என்றதும் நிமிர்ந்தாள்.

"நீயா எடுத்தே?"

"ஆமாம்மா."

"அப்ப நமக்குத் தீட்டு உண்டா இல்லியா கண்ணு?"

மோதலையும் தீர்வையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் ஈரத் துண்டைப் பிழிய ஆரம்பித்தேன். அம்மா போனை எடுத்து என் தங்கையைக் கூப்பிட்டாள். "ஏங் கண்ணு, புள்ளைக்குக் காதுகுத்து இப்ப வேண்டாம். கருமாதி முடியட்டும். பங்காளி ஊட்டுல எழவு ஆயிப்போச்சு" என்றாள். நீ யார், என்ன ஆட்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அம்மா அதைக் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்றைக்கு அம்மா மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவில்லை.

உன் லேப்டாப்பை அப்பா துண்டில் சுற்றிக் கொடுத்தார். திறக்க முடியவில்லை. பாஸ்வேர்டை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாய், மகராசன். உன் கிளையில் நமக்கெல்லாம் கிடைத்தது வரியை விழுங்குகிற பழைய நிலைதான். அதைச் சரிசெய்த வேலை எங்கும் இல்லை. நானும் முயன்றேன். நீ எங்கே பிடித்தாய் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நம்மோடு போசியை எழுதும் குழுவில் பேச்சு வந்தது. உள்ளதை வைத்து அடுத்த பதிப்பை வெளியிடுவோம், பாண்டியின் கிளையை மரியாதையோடு மூடிவிடுவோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பதிப்பில் அது சேராவிட்டால் அப்புறம் சேராது, அடித்தளமே மாறிவிடும். என் கட்சி ஜெயிக்கப் போகிறது என்று அப்போது புரிந்தது. எதிரில் நின்று கத்த நீ இல்லாமல் ஜெயித்து நான் என்ன பண்ண? கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் கேட்டேன். எதற்குப் பொறுக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் வழியில் போகும் சோதனைப் பதிப்பை டீச்சர்களுக்கு அனுப்பிவிட்டுத் தோப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாந்தி டீச்சர் கூப்பிட்டார். குரலில் கோபம்.

"மூர்த்தி சாரே, நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

"நான் ஒண்ணும் நிப்பாட்டலைங்க டீச்சர். சண்டை வந்தா போசி நிக்கும்ங்க. எப்பவுமே அப்படித்தானுங்க."

"எங்களுக்கு நிக்காது. பாண்டி சார் வந்து போட்டுக் குடுத்தாகள்ல, அது நிக்கவே நிக்காது. ரெண்டு வரியும் அது பாட்டுக்கு இருக்கும், நாங்க பாட்டுக்கு மேல எழுதுவோம்."

"எப்ப வந்தான் டீச்சர்?"

"அந்தப் பெருமழையப்ப. சண்டை தீராம போசி நின்னு போச்சு, நெட்டும் இல்லைன்னு போன்ல சொன்னேன், பென் டிரைவை எடுத்துக்கிட்டு பைக்லயே வந்துட்டாக."

போசியை ஒருத்தருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலின் முழு வரலாறும் சேர்ந்துதான் போகும். நாம்தானே அப்படிச் செய்தோம். நீ யாருக்குக் கொடுத்தாயோ அவர்கள் வீட்டில் நீ முழுசாக இருப்பாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே விற்காத சரக்கை விற்றவன் நான்!

மறுநாளே காந்தலூருக்குக் கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பூண்டு காயப் போட்டிருந்தார்கள், கம்ப்யூட்டர் அறை வரைக்கும் அந்த வாசம். டீச்சர் என் முன்னால் ஒரு கேள்வித்தாளைத் திறந்து காட்டினார். பழைய வரி இதுதான்: "வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?" பிள்ளைகள் பாதிப் பேர் "குடிப்பேன்" என்று எழுதியிருக்கிறார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், அவர்கள் வேறு என்ன எழுதுவார்கள்? டீச்சர் அதைப் "பெருவெள்ளம்" என்று மாற்றியிருந்தார். அதே வரியைச் சித்தூர் பக்கத்து டீச்சர் "ஆறு பெருகி ஊருக்குள் வந்தால்" என்று மாற்றியிருந்தார். பங்காளிச் சண்டை. அதற்குமேல் இருவரும் அதே வரியில் இன்னும் ஒரு சுற்று கை வைத்திருந்தார்கள். இரண்டு பேருடைய வரியும் பத்திரமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. எதுவும் விழுங்கப்படவில்லை.

"இதை எப்பத் தீக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார் தீக்கணும்? பிள்ளைகளுக்கு ரெண்டும் தெரியட்டும். ரெண்டையும் வச்சுத்தான் பாடம் எடுக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. டீச்சர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நனைஞ்சுக்கிட்டுத்தான் வந்தாக சார். நான் கூப்பிடாம இருந்திருந்தா..."

"அவன் பள்ளிவாசல்காரன் டீச்சர். பொறந்ததே மழையிலதானுங்க. நீங்க அதை நினைக்காதீங்க" என்றேன். நான் சொன்னது சரிதானே? நீ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். காய்ச்சலுக்கு யாரும் காரணமில்லை. அந்த மழையில் நீ போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உன் வேலை ஒன்றுமே எங்கள் கையில் இல்லை. அந்தப் பயணத்துக்கு நன்றி பாண்டி. உன்னைக் கூப்பிட்ட டீச்சருக்கும் நன்றி. நான் கிளம்பும்போது ஒரு பை நிறையப் பூண்டு கொடுத்தார், மறுக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடைசி மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கே விழுங்குகிறது என்று கண்டுபிடித்திருந்தாய், அவ்வளவு சின்ன இடம். நான் அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டு தேடியிருக்கிறேன். மாற்றத்துக்கு நீ எழுதியிருந்த குறிப்பு: "மூர்த்தி இதைப் பார்த்தால் திட்டுவான். திட்டட்டும்." திட்டினேன், வாய் வலிக்கத் திட்டினேன்.

குழுவில் எல்லோரும் சேர்ந்து சோதித்தோம். உன் வழி நின்றது, ஒரு வரியும் தொலையவில்லை. ஆகவே, ஊராரே, இந்தப் பதிப்பின் தலையாய செய்தி இதுதான்: இனிப் போசி சண்டைக்காக நிற்காது. இரண்டு தரப்பையும் எழுதி வைத்துக்கொண்டு கூடவே நடக்கும். அதை எழுதியது பள்ளிவாசல் பால்பாண்டி.

உன் கிளையையும் என் கிளையையும் சேர்க்க உட்கார்ந்தேன். என் பழைய போசியில்தான் ஆரம்பித்தேன், பிடிவாதம். நிரலில் மோதிய இடமெல்லாம் ஒன்றொன்றாகத் தீர்த்தேன், பெரும்பாலும் உன் பக்கமே. கடைசியாக உதவிக் குறிப்பில் ஒரு வரி மிச்சம் நின்றது. பங்காளிச் சண்டை வந்தால் என்ன செய்வது என்று சொல்கிற வரி. நான் எழுதியது: "தீர்த்துவிட்டு மேலே போங்கள்." நீ எழுதியது: "மேலே போங்கள், தீர்த்துக்கொள்ளலாம்."

ஒன்றை அழித்தால்தான் நகர்வேன் என்று என் போசி நின்றது. உன் வரியை அழிக்கக் கை வரவில்லை. என் வரியை அழிக்கலாம்தான். ஆனால் இன்னும் நான் அதை நம்புகிறேனே? கருவி எப்படி வேண்டுமானாலும் நடக்கட்டும், மனிதர்கள் கூடிய சீக்கிரம் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன். நீ போய்விட்டாய் என்பதற்காக உன்னிடம் ஒத்துப்போனால் அது உனக்குச் செய்கிற மரியாதையா? எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் உனக்கே போரடித்துவிடும். உன்னோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கவும் இனி வழியில்லை. என் போசி சொன்னபடி கேட்டால் நான் காலத்துக்கும் அந்த வரியிலேயே நிற்க வேண்டியதுதான்.

காந்தலூரிலிருந்து கொண்டு வந்த உன் போசியை எடுத்து ஓட்டினேன். தடை ஒன்றும் சொல்லவில்லை. திரையில் ஒரு வரி வந்தது, நீ எழுதிய செய்தி.

"பங்காளிச் சண்டை ஒன்று பதிவானது. தொடரலாம்."

அம்மா உள்ளிருந்து, "என்ன கண்ணு, அழுகறயா?" என்றாள். ஆமாம் என்றேன். காபி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாளைக்குப் போசியைத் திறக்கிறவர்கள் உதவிக் குறிப்பில் அந்த இரண்டு வரியையும் பார்ப்பார்கள், ஒன்றில் உன் பேர், ஒன்றில் என் பேர். சோதனைப் பதிப்பைப் பார்த்தவர்களில் ஒருத்தர், பிழை கிடக்கிறது என்று அக்கறையாகத் திருத்தி அனுப்பினார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பனி தேசத்துக்காரர், பங்காளி என்றால் என்ன, எதிரியா உறவா என்று கேட்டிருக்கிறார். இரண்டும்தான் என்று எழுதப் போகிறேன்.

நாளை மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்புகிறேன். அம்மாவும் வருகிறாள், பங்காளி வீட்டுத் திதிக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று தேங்காயை இப்போதே மூட்டை கட்டிவிட்டாள். சின்னாறில் வண்டி நிற்கும்போது உன் அப்பாவுக்குப் போன் போடுவேன், சோற்றை வடிக்கச் சொல்லி.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். போசி என் கையில் இருக்கிற வரைக்கும் வரும் சண்டையெல்லாம் பேசித் தீர்ப்பேன், அது என் கட்சி. அந்த ஒரு சண்டையை மட்டும் தீர்க்கவும் மாட்டேன், தீர்க்க விடவும் மாட்டேன். ஒவ்வொரு பதிப்பிலும் நீ உன் வரியைச் சொல்லு, நான் என் வரியைச் சொல்கிறேன். வேலையும் நடக்கட்டும்.

இப்படிக்கு,
நீ சொன்ன வகையில் உனக்குப் பங்காளி,
எருத்தேன்பதி திருமூர்த்தி